கழுத்தில் நெறி கட்டினால்: கரைப்பதற்கு முன் கண்டறிய வேண்டியவை

கழுத்தில் நெறி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது கரைய என்ன மாத்திரை?" என்றுதான். "இது ஏன் கட்டியிருக்கிறது?" என்ற கேள்வி அதற்கு முன்னால் வர வேண்டும். வரிசை மாறினால் சேதம் கொஞ்சநஞ்சமல்ல. டி.பி. அரைகுறை மருந்தில் பதுங்கிக்கொள்ளும். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று ஸ்டீராய்டில் சுருங்கி, பிறகு எடுக்கும் பயாப்சியையே (திசுப் பரிசோதனையையே) ஏமாற்றும். நாக்கின் ஓரத்தில் தொடங்கிய புற்று, மூன்று ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் முடிவதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

முதலில் பயத்தைக் குறைப்போம். நெறி என்பது வீங்கிய நிணநீர்க் கணு. உடம்பிலுள்ள இந்தக் கணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழுத்திலும் தலையிலும்தான் இருக்கின்றன. வாய், பல், தொண்டை, மூக்கு, காது, தலைத்தோல் எல்லாவற்றின் நிணநீரும் அங்கேதான் வடிகிறது. அதனால் ஆரோக்கியமான பிள்ளைகளுக்கே தாடைக்குக் கீழே சின்னச் சின்ன உருண்டைகள் தட்டுப்படும். 1 செ.மீ.க்குள், மெத்தென்று, விரலுக்கடியில் நழுவி ஓடுகிறது, பிள்ளையும் சாப்பிட்டு விளையாடுகிறது என்றால், தினமும் தடவிப் பார்ப்பதை நிறுத்துவதுதான் சிகிச்சை. அழுத்திக்கொண்டே இருந்தால் நல்ல கணுவும் வலிக்கும். தாடைக் கோணத்துக்குக் கீழே டான்சிலின் நிணநீரை வாங்கும் கணு மட்டும் 1.5 செ.மீ. வரை இருந்தாலும் இயல்பு.

தட்டுப்படுவதெல்லாம் நெறியும் அல்ல. சாப்பிடும்போது வீங்கி, பிறகு வடிந்தால் அது எச்சில் சுரப்பிக் குழாயில் கல். நாக்கை வெளியே நீட்டும்போது மேலே ஏறும் நடுக்கழுத்து உருண்டை, பிறவியிலேயே வரும் தைரோகுளாஸல் நீர்க்கட்டி. விழுங்கும்போது மட்டும் ஏறி இறங்கினால் தைராய்டு. விரலுக்கடியில் துடித்தால் அது கரோட்டிட் ரத்தக்குழாய். மெலிந்தவர்களிலும் வயதானவர்களிலும் இதைக் கட்டி என்று காட்டி ஸ்கேன் வரை போனவர்கள் நிறைய. காதுமடலுக்குக் கீழே, தாடைக்குப் பின்னால் கல்போல் இருபக்கமும் படுவது முதல் கழுத்து எலும்பின் பக்க நீட்சி.

நெறிதான் என்று உறுதியானதும் எந்த இடம் என்று பார்க்க வேண்டும். என் கணக்கில் பாதி நோயறிதல் இதில் முடிந்துவிடும். முகவாய்க்குக் கீழே என்றால் கீழுதடு, முன்பற்கள், நாக்கு நுனி. தாடையெலும்புக்குக் கீழே பக்கவாட்டில் என்றால் கடைவாய்ப் பல், கன்னம், நாக்கின் ஓரம். காதுக்கு முன்னால் என்றால் கண்ணும் நெற்றியோரத் தோலும். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் என்றால் தலையில் பேன், சொறி, சீழ்ப்புண் இருக்கிறதா என்று முடியை விலக்கிப் பார்த்தே ஆக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு முக்கால்வாசி விடை அங்கேயே கிடைக்கும். தலையைத் திருப்பினால் காதுக்குப் பின்னிருந்து நெஞ்செலும்பு வரை புடைத்து நிற்குமே ஒரு தசை, அதற்குப் பின்புறம் உள்ள முக்கோணப் பகுதி டி.பி.க்குப் பிடித்த இடம். ரூபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மை, டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்று, மூக்குக்குப் பின்னாலுள்ள தொண்டைப் பகுதியின் புற்று ஆகியவையும் அங்கே காட்டும்.

காரை எலும்புக்கு மேலே உள்ள குழிக்கு மட்டும் 1 செ.மீ. கணக்கு செல்லாது. பெரியவர்களுக்கு அங்கே கையில் படும் எந்தக் கணுவும் விசாரணைக்குரியது. வலப்பக்கம் என்றால் நுரையீரல், உணவுக்குழாய், நெஞ்சறையின் நடுப்பகுதி. இடப்பக்கம் என்றால் அவற்றோடு வயிறும் சேர்ந்துகொள்ளும். வயிற்றுப் பகுதியின் நிணநீரைச் சுமந்துவரும் பெருங்குழாய் இடப்பக்கக் கழுத்தடியில்தான் ரத்த நாளத்தில் கலக்கிறது. இரைப்பை, கணையம், சிறுநீரகம், விரை, சூலகம் இவற்றின் புற்று, வயிற்றில் ஒரு தொந்தரவும் காட்டாமலே இங்கே முதலில் எட்டிப் பார்ப்பதுண்டு. ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1848-லேயே எழுதிவைத்த சங்கதி இது. இன்றும் அந்தக் கணுவுக்கு அவர் பெயர்தான். இதைத் தேட நோயாளியை உட்கார வைத்து, பின்னால் நின்று, தோள்களைத் தளர்த்தச் சொல்லி, இருமச் சொல்லும்போது விரலைக் குழிக்குள் இறக்க வேண்டும். படுக்க வைத்துத் தேடினால் தவறிப்போகும்.

அடுத்தது, தொட்டால் எப்படி இருக்கிறது என்பது. மாணவர்களுக்குச் சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு: உதடுபோல் மெத்தென்றிருந்தால் கிருமித்தொற்று, மூக்கு நுனிபோல் ரப்பர்த்தன்மை என்றால் லிம்ஃபோமா, நெற்றிபோல் கல்லாக இருந்தால் வேறிடத்திலிருந்து பரவிய புற்று. விதிவிலக்குகள் உண்டென்றாலும் உதவும். அதைவிட முக்கியம் அசைகிறதா என்பது. தோலோடோ அடித்தசையோடோ ஒட்டி, அசைய மறுக்கும் கட்டியைக் காத்திருந்து பார்க்கலாம் என்று சொல்லவே கூடாது. பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்து, நடுவில் ஒன்று மட்டும் மெதுமெதுவென்று இளகியிருந்தால் டி.பி.யை முதலில் நினைக்கலாம். வலியை வைத்துத்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வலிக்கும் நெறி பெரும்பாலும் தொற்றால் வந்தது. வலிக்காத நெறிதான் கவலைக்குரியது. "வலியே இல்லை டாக்டர், அதனால்தான் வரவில்லை" என்பது ஆறு மாதம் தாமதித்தவர்கள் எல்லோரும் சொல்வது.

எத்தனை நாளாக? 2 வாரத்துக்குள் வந்தது, கூடவே தொண்டை வலியோ பல்வலியோ இருக்கிறது என்றால் அது அடங்கக் காத்திருக்கலாம். 4 வாரம் தாண்டியும் அப்படியே நின்றாலோ வளர்ந்தாலோ திசுப் பரிசோதனை பக்கம் நகர வேண்டும். ஓராண்டுக்கு மேலாக அளவு மாறாமல் கிடப்பது பெரும்பாலும் பழைய தொற்றின் மிச்சம். ஆனால் மெதுவாக வளரும் சில லிம்ஃபோமாக்கள் கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து ஆண்டுக்கணக்கில் போக்குக் காட்டும். "தானாகக் குறைந்ததே" என்பது அங்கே நற்சான்றிதழ் ஆகாது.

வயதும் கணக்கில் வரும். நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் வந்தவர்களை வைத்து 1988-ல் வெளியான ஆய்வில், காரணம் தெரியாத நெறிக்கட்டு உள்ளவர்களில் 40 வயதைத் தாண்டியோருக்குப் புற்று இருக்கும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம். 40-க்குக் கீழே 0.4 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம் என்பதை எடுத்துக்கொள்ளலாம். எண்களை அப்படியே நம்மூருக்குப் பொருத்த முடியாது. இங்கே டி.பி. நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, வாயில் புகையிலை அதக்குவோரும் ஏராளம்.

பிறகு கேள்விகள். 38 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் காரணமின்றி வந்து வந்து போகிறதா? இரவில் சட்டையையும் தலையணை உறையையும் மாற்ற வேண்டிய அளவுக்கு வியர்க்கிறதா? (மின்விசிறி நின்றபோது வியர்த்தது இதில் சேராது.) ஆறு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு, 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ, முயற்சி செய்யாமலே குறைந்ததா? இந்த மூன்றும் லிம்ஃபோமாவுக்கும் பொருந்தும், டி.பி.க்கும் பொருந்தும். தோலில் ஒன்றுமில்லாமல் உடம்பெல்லாம் அரிப்பது, மது குடித்ததும் கட்டி வலிப்பது என்ற இரண்டும் லிம்ஃபோமாவில் ஒரு வகையான ஹாட்ஜ்கினின் அடையாளங்கள், இரண்டாவது அரிது. வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா, புகையிலை, வெற்றிலை பாக்கு உண்டா, பூனை பிறாண்டியதா, என்னென்ன மருந்து ஓடுகிறது என்பவையும் வேண்டும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின் மாத்திரையே சிலருக்குக் கழுத்தெல்லாம் நெறி கட்ட வைக்கும்.

கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவது பாதிப் பரிசோதனைகூட அல்ல. பல்செட்டைக் கழற்றச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் வாயைப் பார்க்க வேண்டும். நாக்கைத் துணியால் பிடித்து இருபுறமும் இழுத்து ஓரங்களைப் பார்க்க வேண்டும். வாய்ப்புற்று அங்கேதான் ஒளிந்திருக்கும். நாக்கின் அடியையும் வாயின் தரையையும் கையுறை போட்ட விரலால் தடவ வேண்டும்; கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். 3 வாரம் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு விரல்கூட நுழையாத வாய்த் திறப்பு, ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாக இருப்பது எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டியவை. பெரியவர் ஒருவருக்கு ஒரே காது அடைத்து, உள்ளே நீர் கோத்திருந்து, அதே பக்கம் கழுத்தில் கட்டியும் இருந்தால், மூக்கு வழியே எண்டோஸ்கோப் விட்டுப் பின்தொண்டையைப் பார்க்காமல் விடக் கூடாது. தென்சீனாவிலும் நம் நாட்டில் நாகாலாந்திலும் அதிகம் காணப்படும் பின்தொண்டைப் புற்று பலருக்கும் கழுத்துக் கட்டியாகத்தான் முதலில் தெரியும். அக்குள், தொடையிடுக்கு, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு வந்திருந்தால் அக்குள், மார்புக்கு அடி, இடுப்பு மடிப்பு வரை உடை விலக்கித் தேட வேண்டும்: சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருஞ்சிரங்கு தென்பட்டால் அது புதரிலுள்ள நுண்பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். வேலூர் வட்டாரத்தில் நன்கு தெரிந்த நோய் இது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும்.

குழந்தைகளில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 5 நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், ஒரு பக்கம் 1.5 செ.மீ.க்கு மேல் நெறி, பீளை இல்லாத சிவந்த கண்கள், வெடித்த உதடு, உடம்பில் தடிப்பு என்று சேர்ந்தால் கவாசாகி நோயாக இருக்கலாம். இதயத்தின் ரத்தக்குழாய்களைக் கெடுக்கும் நோய் அது; காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் ஏற்ற வேண்டும். இதற்குச் சிரப் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

மருந்துக்கு வருவோம். சிவந்து, சூடாகி, வலித்து வீங்கிய நெறிக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் கொடுப்பது நியாயம். அந்த அடையாளங்கள் எதுவும் இல்லாத பெரியவரின் கட்டிக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலும் சொல்கிறது. கொடுத்தாலும் 2 வாரத்தில் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். முழுதாக மறையவில்லை என்றால் அடுத்த கோர்ஸ் கூடாது, அடுத்த பரிசோதனைதான். லெவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை இந்த இடத்தில் எழுதவே கூடாது. அவை டி.பி. கிருமியையும் ஓரளவு அடிக்கும். கட்டி கொஞ்சம் வற்றும், காய்ச்சல் விடும், பரிசோதனையில் கிருமி சிக்காது, ஒரு மாதம் கழித்து மறுபடி வீங்கும். அதற்குள் அந்த மருந்துக்கு எதிர்ப்புச் சக்தியும் கிருமிக்கு வந்திருக்கலாம். இதைவிடக் கேடு ஸ்டீராய்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் "வீக்க மாத்திரை"யிலும், பெயர் சொல்லாமல் போடும் ஊசியிலும் பெரும்பாலும் இருப்பது அதுதான். லிம்ஃபோமா செல்கள் அதில் மளமளவென்று சாகும். அதன்பின் எடுக்கும் பயாப்சியில் செத்த திசுவைத் தவிர ஒன்றும் தெரியாது.

ரத்தப் பரிசோதனைகளுக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பதில்லை. ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையும் ஸ்மியரும் (ரத்தத்துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது) கட்டாயம், ரத்தப் புற்றான லுகேமியா அதில் பிடிபடும் என்பதற்காக. எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். கூடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து டி.பி. என்று முடிவு கட்டுவது பழைய வியாதி. டி.பி.க்காகத் தோலில் போடும் மாண்டூ ஊசி 10 மி.மீ. தடித்தாலும், கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கழுத்துக் கட்டி அதனால்தான் என்று ஆகாது. அல்ட்ராசவுண்டு மலிவு, கதிர்வீச்சும் இல்லை. நல்ல கணு நீள்வட்டமாக, நடுவில் கொழுப்புத் தண்டோடு, அதன் வழியே ரத்த ஓட்டத்தோடு தெரியும். உருண்டு போனது, நடுத்தண்டு மறைந்தது, ஓரத்திலிருந்து ரத்தம் பாய்வது, உள்ளே செத்துக் குழைந்தது என்பவை சந்தேகக் குறிகள். நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளும் நீர்ப்பகுதியும் இருந்தால், புற்று அங்கிருந்து பரவியதா என்று தைராய்டை உடனே பார்க்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு முதல் ஊசி எஃப்.என்.ஏ.சி., அதாவது கட்டியிலிருந்து செல்களை ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது. 23 கேஜ் போன்ற மெல்லிய ஊசி, 10 மி.லி. சிரிஞ்சு, இரண்டு மூன்று முறை குத்தி எடுப்பது, அவ்வளவுதான். ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற பயத்தால் இதை மறுத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்; இந்த மெல்லிய ஊசியால் அப்படி நேர்வது மிக மிக அரிது, தள்ளிப்போடுவதால் வரும் கேடுதான் உண்மையானது. எடுக்கும் இடத்தில் என்ன தவறுகிறது? செல்களைத் தடவிய எல்லாக் கண்ணாடித் தட்டுகளையும் ஆல்கஹாலில் போட்டுவிடுவார்கள். சிலவற்றைக் காற்றில் உலரவிட்டால்தான் ரத்த, லிம்ஃபோமா செல்களின் உருவம் சரியாகத் தெரியும். சீழ் வந்தால் அதைத் துடைத்தெறிந்துவிட்டு "நல்ல" பகுதியைத் தேடுவார்கள்; கிருமி அதிகம் இருப்பது அந்தச் சீழில்தான். அதை ஒரு சுத்தமான புட்டியில் பிடித்து சிபிநாட் என்ற டி.பி. மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். டி.பி. கிருமி உண்டா, முக்கிய டி.பி. மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்ற இரண்டையும் கருவி 2 மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். தைராய்டுப் புற்றுச் சந்தேகம் என்றால் ஊசியை 1 மி.லி. சலைனில் அலசி, தைரோகுளோபுலின் என்ற தைராய்டுப் புரதம் உண்டா என்று பார்க்கச் சொல்லலாம்.

அறிக்கையைப் படிக்கும் விதமும் தெரிய வேண்டும். "ரியாக்டிவ்" (ஏதோ தூண்டலுக்கு வீங்கிய கணு) என்று வந்தால் கேடில்லை என்று அர்த்தமில்லை. குத்திய இடத்தில் கேடு கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஹாட்ஜ்கினும் மெதுவாக வளரும் லிம்ஃபோமாவும் எஃப்.என்.ஏ.சி.க்கு அடிக்கடி தப்பும். "கிரானுலோமா" (அழற்சி செல்களின் சிறு திரட்சி) என்று வந்தாலும் அது டி.பி. மட்டுமல்ல, சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், பூனைப் பிறாண்டல் நோய், பூஞ்சை, ஏன், ஹாட்ஜ்கினேகூட அப்படிக் காட்டும். சீஸ்போல் செத்த திசுவோ கிருமியோ இல்லாமல் கிரானுலோமா மட்டும் வந்து, டி.பி. மருந்து ஆரம்பித்தும் கட்டி வளர்ந்துகொண்டே போனால் முதல் அறிக்கையையே சந்தேகிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவரின் நீர்க்கட்டியில் வெறும் நீர் வந்தது என்று நிம்மதி அடைவதும் தப்பு. டான்சிலிலிருந்தோ நாக்கின் அடிவேரிலிருந்தோ பரவிய புற்று அப்படித்தான் நீர்க்கட்டி வேஷம் போடும்.

சந்தேகம் தீராவிட்டால் பயாப்சி. ஸ்குவாமஸ் புற்று (வாய், தொண்டை போன்றவற்றின் உள்தோலில் தொடங்குவது) என்று ஊசியிலேயே தெரிந்துவிட்டால் கழுத்தைத் திறக்காமல், வாய் தொண்டை முழுவதும் எண்டோஸ்கோப்பில் தேடி மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அவசரப்பட்டுக் கழுத்தைக் கீறினால் பின்னால் செய்ய வேண்டிய பெரிய அறுவையின் எல்லைகள் குலைந்துபோகும். லிம்ஃபோமாச் சந்தேகம் என்றால் முழுக் கணுவாக எடுப்பதே சிறப்பு. கைக்கு எளிதாக வரும் கணுவை எடுக்காமல், மிகவும் சந்தேகத்துக்குரிய கணுவை எடுக்க வேண்டும். கழுத்தின் பின்முக்கோணத்தில் எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது. அது வெட்டுப்பட்டால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சின்ன ஆபரேஷன்தானே என்று அனுபவமில்லாத கையில் விட வேண்டிய இடம் அல்ல அது.

எடுத்த கணு போகும் புட்டிகள் இரண்டு. இதை நோயாளியின் வீட்டாரே நினைவூட்டலாம், தப்பில்லை. ஒரு பாதி 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப்போல் பத்து மடங்கு அளவு திரவத்தில், பேத்தாலஜிக்கு. மறுபாதி சாதாரண சலைனில், அன்றைக்கே, சிபிநாட்டுக்கும், டி.பி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது, மருந்து எதிர்ப்பைச் சோதிக்க வழியிருக்காது. கழுத்தை இன்னொரு முறை கீற வேண்டியதுதான். லிம்ஃபோமாவுக்கு ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல் வகைகளைப் பிரித்தறியும் சோதனை) செய்வதாக இருந்தாலும் ஃபார்மலின் படாத திசுதான் வேண்டும்.

பயாப்சியில் சில சமயம் டி.பி.யும் இல்லை, புற்றும் இல்லை, கிக்குச்சி நோய் என்று வரும். 1972-ல் ஜப்பானில் கிக்குச்சியும் ஃபுஜிமோட்டோவும் தனித்தனியே விவரித்தது. ஆசிய இளம்பெண்களிடம் அதிகம். பின்கழுத்தில் வலியோடு நெறி, காய்ச்சல், வெள்ளணுக் குறைவு. சில மாதங்களில் தானே அடங்கும். அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம் டி.பி. மாத்திரையோ, அதைவிட மோசமாகக் கீமோவோ போகாமல் காப்பாற்றுவது அந்தக் கணுதான். பிற்பாடு லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் வருகிறதா என்று மட்டும் கண்காணிக்க வேண்டும்.

டி.பி. என்றே உறுதியானால், சீழ் கோத்திருந்தாலும் கத்தியால் கீறக் கூடாது. கீறினால் மாதக்கணக்கில் ஒழுகும் புண்ணாகிவிடும். கட்டியின் அடியில் குத்தாமல், மேல்பக்கத்து நல்ல தோல் வழியே ஊசியைச் சாய்வாகச் செலுத்தி உறிஞ்சி எடுப்பதுதான் முறை. மருந்து அரசுத் திட்டத்தில் இலவசம்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள் சேர்ந்தது, எடைக்கேற்பத் தினமும், 50 முதல் 64 கிலோ வரை உள்ளவருக்கு நாளுக்கு 4. சத்துணவுக்கான உதவித்தொகை மாதம் 1000 ரூபாய், அரசின் டி.பி. பதிவேடான நிக்‌ஷய் பதிவோடு இணைத்த வங்கிக் கணக்கில் வரும். தனியாரிடம் வைத்தியம் பார்த்தாலும் பதிவு செய்தால் உண்டு.

ஒரு விஷயத்தை மாத்திரை தொடங்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்தில் ஒருவர் போல, மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே கட்டி பெரிதாகலாம், புதிதாக ஒன்று முளைக்கலாம், பழையது பழுக்கலாம். செத்த கிருமிகளுக்கு எதிராக உடம்பு கிளப்பும் வீக்கம் அது. இதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடுவதும், எதிர்ப்பு டி.பி. என்று மருந்தை மாற்றிவிடுவதும் இரண்டுமே தவறு. சீழை உறிஞ்சி மறுபடி கல்ச்சருக்கு அனுப்பி, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை என்று பார்த்துவிட்டு அதே மாத்திரையைத் தொடர்ந்தால் போதும். ஆறு மாதம் முடிந்தபின் 1 செ.மீ.க்குள் கெட்டியாக ஒரு மிச்சம் நின்றால் அதற்கு மாத்திரை வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுத்துக் குறித்துவைத்தால் போதும். வளர்ந்தால் மட்டும் மறுபடி ஊசி.